பெயருக்குக் காசா, பார்வைக்குக் காசா?

வெயிலுக்குக் குடை பிடித்தால் யாரும் கேலி செய்வதில்லை. மோட்டார் சைக்கிளில் போகும்போது தலைக்கவசம் அணிந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால், ஒரு மாணவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் நின்றால் போதும், "என்ன, படப்பிடிப்பா?" என்று ஒரு குரல் வந்துவிடும். கண்ணுக்குப் போடும் காப்பை மட்டும் நம் சமூகம் பகட்டுக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறது.

நான் மதுரையிலிருந்து பினாங்குக்கு முதுகலை படிக்க வந்தவன். இங்கே வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வொரு பருவத்திலும் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் புதிதாக வரும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று: "அண்ணா, நல்ல கூலிங் கிளாஸ் மலிவாக எங்கே கிடைக்கும்?"

இந்தக் கேள்விக்கு ஒரு கடையின் பெயரைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால், எங்கே வாங்குவது என்பதற்கு முன்பாக எதை வாங்குகிறோம் என்பது தெரிய வேண்டும். அது தெரிந்தால் முப்பது வெள்ளியில் நல்ல கண்ணாடி வாங்கலாம். தெரியாவிட்டால் அறுநூறு வெள்ளி கொடுத்த பிறகும் எதற்காகக் கொடுத்தோம் என்று தெரியாமலே போட்டுத் திரிவோம். கண்ணுக்குத் தேவையான பாதுகாப்பு மலிவானது. விலை உயர்ந்தது பெயர்தான் என்பது என் கருத்து. அதை இங்கே விளக்க விரும்புகிறேன்.

பினாங்கு வெயிலும் பள்ளி மணியும்

வெளியூரிலிருந்து வருபவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இந்த ஊரின் கடிகாரத்தை. தீபகற்ப மலேசியாவின் நேரம் 1982 ஜனவரி முதல் நாள் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டு, சபா, சரவாக் நேரத்துடன் ஒன்றாக்கப்பட்டது. அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது நண்பகல் 12 மணிக்கு அல்ல. பினாங்கில் உச்சி வெயில் பிற்பகல் 1 மணி 20 நிமிட வாக்கில்தான். மதுரையில் அது 12 மணி 15 நிமிடத்தை ஒட்டியே வந்துவிடும். "பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது, இனி வெயில் இறங்கும்" என்ற ஊர்க் கணக்கு இங்கே செல்லாது.

காலைப் பள்ளி விடும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். இடைநிலைப்பள்ளி மாணவர்கள் புத்தகப் பையுடன் வெளியே வரும் வேளையும் வெயில் உச்சியில் நிற்கும் வேளையும் ஏறக்குறைய ஒன்றுதான். அதற்குப் பிறகும் புறப்பாட நடவடிக்கை, திடல் பயிற்சி என்று மாலை வரை வெளியில் இருப்பவர்கள் உண்டு.

இன்னொரு செய்தி. பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஐந்தரை டிகிரியில் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் முற்பகுதியிலும், சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. மற்ற மாதங்களிலும் அது அதிக தூரம் விலகிப் போவதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் புற ஊதாக் கதிரின் வலிமையைக் குறிக்க ஒரு குறியீட்டெண்ணை வைத்திருக்கிறது. அதில் 3-க்கு மேல் போனாலே பாதுகாப்பு தேவை. 8 முதல் 10 வரை மிக அதிகம். 11-ம் அதற்கு மேலும் மிகக் கடுமை. மேகமற்ற நாளில் நம் வட்டாரத்தின் நண்பகல் அளவு 11-ஐத் தொடுவது அரிதான செய்தி அல்ல. மெல்லிய மேகம் இருந்தால் வெப்பம் குறைந்ததுபோல் தோன்றும். ஆனால் புற ஊதாக் கதிரின் பெரும்பகுதி அதைத் தாண்டி வந்துவிடும். உடம்பு சுடவில்லை என்பதற்காகக் கண்ணுக்கும் ஆபத்தில்லை என்று எண்ணக் கூடாது.

கண்ணுக்கு இன்னொரு தனிக் கணக்கும் இருக்கிறது. சூரியன் தலைக்கு மேல் நிற்கும்போது புருவ எலும்பு கண்ணுக்கு ஓரளவு நிழல் தருகிறது. அது சாய்ந்திருக்கும் காலையிலும் பிற்பகலிலும் கதிர் நேரே கண்ணுக்குள் வருகிறது. மணல், கடல் நுரை, சிமெண்டுத் தரை ஆகியவற்றில் பட்டுத் திரும்பும் கதிர் கீழிருந்து வருகிறது. உலர்ந்த கடற்கரை மணல் தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் சுமார் 15 விழுக்காட்டையும், கடல் நுரை சுமார் 25 விழுக்காட்டையும் திருப்பி அனுப்புகின்றன. பத்து பெரிங்கி கடற்கரையில் தொப்பி மட்டும் அணிந்து நிற்பவருக்குப் பாதிப் பாதுகாப்புதான். தொப்பி நல்ல துணை. ஆனால் அது மட்டும் போதாது.

இந்தக் கதிர் செய்யும் கெடுதி ஒரே நாளில் தெரிவதில்லை. கண்ணின் வெள்ளைப் பகுதியிலிருந்து கருவிழியை நோக்கி இறக்கைபோல் ஒரு சதை வளரும். வெயிலில் பல ஆண்டுகள் உழைத்தவர்களிடம் இதை அதிகமாகக் காணலாம். கண்புரை உருவாவதிலும் புற ஊதாக் கதிருக்குப் பங்கு உண்டு. இளவயதில் கண்ணுக்குள் இருக்கும் இயற்கையான லென்ஸ் பளிங்குபோல் தெளிவாக இருப்பதால், பெரியவர்களைவிட இளையோருக்குக் கதிர் இன்னும் ஆழமாக உள்ளே போகிறது. பதினைந்து வயதில் சேரும் பாதிப்புக்கு அறுபது வயதில்தான் ரசீது வரும். இளையோர் பக்கத்தில் இதை எழுதுவதற்குக் காரணமும் அதுவே.

கறுப்பு காப்பதில்லை

நம்முடைய பெயர்களே நம்மைத் திசைதிருப்புகின்றன. தமிழ்நாட்டில் 'கூலிங் கிளாஸ்' என்கிறோம். கண்ணைக் குளிர வைப்பது அதன் முதல் வேலை அல்ல. இங்கே தமிழில் 'கறுப்புக் கண்ணாடி'; மலாய்மொழியிலும் 'செர்மின் மாத்தா ஹித்தாம்', அதே கறுப்புதான். இரண்டு பெயர்களும் நிறத்தைச் சொல்கின்றன. நமக்கு வேண்டியதோ நிறம் அல்ல.

புற ஊதாக் கதிர் நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி. ஒளி அலையின் நீளத்தை நானோமீட்டர் என்ற அளவில் சொல்வார்கள். ஏறத்தாழ 400 நானோமீட்டருக்கு மேல் இருப்பது கண்ணால் காணும் ஒளி. அதற்குக் கீழே இருப்பது புற ஊதா. லென்ஸில் 'யூவி 400' என்று எழுதியிருந்தால், 400 நானோமீட்டர் வரையுள்ள கதிரை இது தடுக்கும் என்று பொருள். கறுப்பு நிறம் தடுப்பது நாம் காணும் ஒளியைத்தான். புற ஊதாவைத் தடுப்பது லென்ஸின் மூலப்பொருளும் அதில் கலந்திருக்கும் அல்லது மேலே பூசியிருக்கும் சேர்க்கையும். இவை இரண்டும் வேறு வேறு வேலைகள்.

புற ஊதாவைத் தடுக்காத இருண்ட கண்ணாடி, ஒன்றும் போடாமல் இருப்பதைவிட மோசமாகலாம். இருட்டுக்குள் கண்ணின் பாவை விரிகிறது. கூசும்போது கண்ணைச் சுருக்கிக்கொள்ளும் இயல்பான தற்காப்பும் தளர்ந்துவிடுகிறது. கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காவலையும் அனுப்பிவிட்டதுபோல் ஆகிவிடும்.

இதற்கு மறுபுறம் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. இன்று பல கண்ணாடிகளின் லென்ஸ் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. அந்தப் பொருள், நிறமே இல்லாவிட்டாலும், தன் இயல்பிலேயே புற ஊதாக் கதிரின் மிகப் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். அதாவது, பாதுகாப்பு என்பது பணக்காரர்களுக்காகத் தனியாகச் செய்யப்படும் அரிய சரக்கு அல்ல. சாதாரணத் தொழிற்சாலையில் மலிவாகச் செய்யக்கூடிய ஒன்று. தடுப்புச் சக்தி விலைக்கு விலை ஏறுவதில்லை.

அப்படியானால் விலை எதற்கு?

ஜார்ஜ்டவுனின் பேரங்காடிகளில் கண்ணாடிக் கடையின் முன் நின்றால் எத்தனையோ பெயர்கள் வரிசையாகத் தெரியும். ஒன்றோடொன்று போட்டியிடும் நிறுவனங்கள் என்று நினைப்போம். 1961-இல் இத்தாலியில் தொடங்கிய லக்சோட்டிகா நிறுவனம் 1999-இல் ரே-பானையும் 2007-இல் ஓக்லியையும் வாங்கியது. பிராடா, ஷனெல் போன்ற ஆடம்பரப் பெயர்களுக்கும் உரிமம் பெற்றுக் கண்ணாடி செய்து கொடுக்கிறது. 2018-இல் அது பிரான்ஸின் எசிலார் லென்ஸ் நிறுவனத்துடன் இணைந்தது. அலமாரியில் பெயர்கள் பல; பின்னால் இருக்கும் வீடு பல நேரங்களில் ஒன்று.

அந்தக் கண்ணாடிகள் மட்டமானவை என்று நான் சொல்லவில்லை. நல்ல கீல், உறுதியான சட்டம், கீறல் விழாத பூச்சு, உருவம் நெளியாத லென்ஸ் ஆகியவற்றுக்கும் காசு ஆகும். அது நியாயமான செலவு. ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் நாம் கொடுக்கும் ஒவ்வொரு வெள்ளியும் காதோரக் கம்பியில் பொறித்த பெயருக்குப் போகிறது. வேலை பார்த்துச் சம்பாதிப்பவர் அதை விரும்பி வாங்கினால் அது அவர் உரிமை. கடன் வாங்கிப் படிக்கும் மாணவர் "விலை கூடினால்தான் கண்ணுக்கு நல்லது" என்று நம்பி வாங்கினால் அது வருத்தத்துக்குரியது. "அவ்வளவு காசு இல்லை, அதனால் வேண்டாம்" என்று வெறுங்கண்ணோடு நான்கு ஆண்டுகள் மோட்டார் சைக்கிள் ஓட்டினால் அது அதைவிட வருத்தத்துக்குரியது.

தரமும் விலையும் பிரியாத இரட்டையர் அல்ல என்பதற்கு என் ஊரே சாட்சி. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்புரை அறுவைக்குப் பிறகு கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை லென்ஸ் அந்தக் காலத்தில் இறக்குமதிச் சரக்கு. ஏழைக்கு எட்டாத விலை. அதற்காக 1992-இல் ஆரோலேப் என்ற தயாரிப்புக் கூடம் தொடங்கப்பட்டது. இறக்குமதி விலையைவிடப் பல மடங்கு குறைவாக லென்ஸ் கிடைத்தது. இன்று அது நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. கண்ணுக்கு உள்ளே வைக்கும் லென்ஸையே தரம் குறையாமல் மலிவாகச் செய்ய முடியும் என்றால், மூக்கின் மேல் வைக்கும் லென்ஸை ஏன் முடியாது?

நாணய மாற்றுக் கடையில் ஒரு சோதனை

சரி, மலிவான கண்ணாடி நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒட்டியிருக்கும் 'யூவி 400' ஒட்டுவில்லையை நம்பலாமா? அது வெறும் தாள். யார் வேண்டுமானாலும் அச்சிடலாம்.

பெரும்பாலான கண்ணாடிக் கடைகளில், புற ஊதாக் கதிர் லென்ஸைத் தாண்டுகிறதா என்று காட்டும் சிறு அளவி இருக்கும். கேட்டால் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள். அந்த வசதி இல்லாத இடத்தில் என்ன செய்வது என்று யோசித்தபோது, லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்திலுள்ள நாணய மாற்றுக் கடை நினைவுக்கு வந்தது. கள்ள நோட்டைக் கண்டுபிடிக்க அவர்கள் வைத்திருப்பது புற ஊதா விளக்குதான். வெள்ளி நோட்டை அதன் அடியில் வைத்தால் சில இடங்கள் பளிச்சென்று ஒளிரும். நோட்டுக்கும் விளக்குக்கும் நடுவே லென்ஸை வைத்தால், அதன் நிழலில் ஒளிர்வு அடங்க வேண்டும். அடங்கினால் லென்ஸ் அந்தக் கதிரைத் தடுக்கிறது.

நானும் என் அறைத்தோழரான யாழ்ப்பாணத்து நண்பரும் மூன்று கண்ணாடிகளோடு போனோம். கடைக்காரப் பாய் சிரித்தார். "தம்பி, இதுவரைக்கும் நோட்டைத்தான் பார்த்திருக்கேன். கண்ணாடியும் கள்ளமா நல்லதான்னு பார்க்கணுமா? வையுங்க பார்ப்போம்" என்றார். கண்ணாடிக் கடையில் எண்பது வெள்ளிக்கு வாங்கியதன் நிழலில் ஒளிர்வு மறைந்தது. இரவுச் சந்தையில் பதினைந்து வெள்ளிக்கு வாங்கியதன் நிழலிலும் மறைந்தது. மூன்றாவது, யாரோ விடுதியில் விட்டுப்போன பழைய கண்ணாடி. மூன்றிலும் அதுவே மிக இருண்டது. அதன் நிழலில்தான் நோட்டு இன்னும் மங்கலாக ஒளிர்ந்துகொண்டிருந்தது.

மூன்று கண்ணாடிகளை வைத்து ஊருக்கெல்லாம் முடிவு சொல்ல முடியாது. அந்த விளக்கு புற ஊதாவின் ஒரு பகுதியை மட்டுமே காட்டும், அளவிதான் நம்பகமானது. வீட்டில் முயல்பவர்கள் அந்த விளக்கைக் கண்ணுக்கு நேரே பிடிக்கவே கூடாது. ஆனாலும் விலையும் கறுப்பும் எதையும் உறுதி செய்வதில்லை என்பதை நாங்கள் அங்கே கண்ணால் பார்த்தோம்.

கடையில் இன்னும் சிலவற்றை நாமே பார்க்கலாம். கண்ணாடியைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்து, தரை ஓட்டின் நேர்க்கோட்டை லென்ஸ் வழியே பாருங்கள். மெதுவாக அசைக்கும்போது கோடு நெளிந்தால் அந்த லென்ஸ் தலைவலியைத் தரும், வேண்டாம். மலிவுக் கண்ணாடிகள் தோற்பது பெரும்பாலும் இந்தச் சோதனையில்தான். அடுத்து, சட்டத்தின் அளவு. அழகுக்காகச் செய்த குட்டி வட்டக் கண்ணாடியின் மேலும் பக்கவாட்டிலும் கதிர் தாராளமாக நுழையும். முகத்தோடு ஒட்டி, புருவம் வரை மூடும் அகலமான சட்டமே நல்லது.

'போலரைஸ்டு' என்ற சொல்லைக் கேட்டு மயங்க வேண்டாம். ஈரச் சாலை, கடல்நீர், கார்க் கண்ணாடி ஆகியவற்றில் பட்டுத் தெறிக்கும் கூசொளியை அது அடக்கும். வண்டி ஓட்டுபவர்களுக்கு உதவியானது. ஆனால் அது புற ஊதாத் தடுப்புக்கு உத்தரவாதம் அல்ல. மடிக்கணினித் திரையின் முன் அந்தக் கண்ணாடியை மெல்லச் சுழற்றினால் ஏதோ ஒரு கோணத்தில் திரை இருண்டுவிடும். இருளாவிட்டால் விற்பவர் சொன்ன சொல்லைச் சந்தேகிக்கலாம்.

கம்பியின் உட்புறத்தில் ஓர் எண் இருக்கிறதா என்றும் தேடுங்கள். ஐ.எஸ்.ஓ. 12312-1 என்ற பன்னாட்டுத் தரத்தின்படி, லென்ஸின் இருட்டு 0 முதல் 4 வரை ஐந்து வகை. மூன்றாம் வகை, காணும் ஒளியில் 8 முதல் 18 விழுக்காடு வரை உள்ளே விடும்; நம் ஊர் வெயிலுக்கு ஏற்றது. நான்காம் வகை அதைவிட இருண்டது. அதை அணிந்து வண்டி ஓட்டவே கூடாது. விளையாட்டுப் பொருள் விற்கும் பெரிய கடைகளில் இந்த எண் பொறித்த கண்ணாடிகளைக் குறைந்த விலையிலேயே பார்த்திருக்கிறேன். மலிவும் தரமும் சேர்ந்து கிடைக்கும் இடம் எது என்று கேட்டவர்களுக்கு என் பதில் அதுதான்: பெயர் பொறித்த கடையைவிட எண் பொறித்த கண்ணாடியைத் தேடுங்கள்.

புதிதாக வந்திருப்பவர்களுக்கு

வெளிநாட்டில் படிக்கும்போது ஒவ்வொரு பொருளின் விலையையும் மனம் தானாகவே ரூபாயில் பெருக்கிப் பார்க்கும். "ஊருக்குப் போகும்போது வாங்கிக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுவோம். தள்ளிப்போடும் அந்த எட்டு மாதமும் கண் வெயிலில்தான் இருக்கிறது. முப்பது, நாற்பது வெள்ளியில் இன்றே முடியும் காரியத்துக்கு விமான நாளை எதிர்பார்க்க வேண்டாம்.

பவர் கண்ணாடி போடுபவர்கள் மட்டும் ஊரிலிருந்து புறப்படும்முன் பரிசோதனைச் சீட்டையும் ஒரு மாற்றுக் கண்ணாடியையும் எடுத்து வாருங்கள். இருக்கும் கண்ணாடியின் மேல் மாட்டும் 'கிளிப்' வகையும் உண்டு. பவர் லென்ஸிலேயே நிறம் ஏற்றிக்கொள்வதைவிட அது செலவு குறைந்தது. மலேசியாவில் பவர் கண்ணாடி செய்து கொடுப்பது 1991-ஆம் ஆண்டின் ஒளியியல் சட்டத்துக்குள் வருகிறது. அதற்குப் பதிவு பெற்றவர் வேண்டும். பதிவு பற்றிக் கேட்கத் தயங்காதீர்கள்.

சுற்றுலாப் பயணிகள் கூடும் சந்தைகளில் உலகப் புகழ்பெற்ற பெயர் பொறித்த கண்ணாடி முப்பது வெள்ளிக்குக் கிடைத்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். பெயரிலேயே பொய் சொல்லும் பொருள், 'யூவி 400' என்று சொல்வதில் மட்டும் உண்மை பேசும் என்று எப்படி நம்புவது? பெயரே இல்லாத முப்பது வெள்ளிக் கண்ணாடி அதைவிட நேர்மையானது. எங்கே வாங்கினாலும் ரசீது கேளுங்கள். ரசீது இல்லாத கடையில், அளவியில் வைத்துத் தோற்றுப்போன கண்ணாடியை எந்த முகத்தோடு திருப்பிக் கொடுப்பது?

கேள்வி கேட்கப் பழகிய ஊர்

இத்தனை கேள்வியா, ஒரு கண்ணாடிக்கா என்று சிலர் நினைக்கலாம். கடைக்காரர் முகம் சுளிப்பாரே என்ற கூச்சமும் வரும். அந்தக் கூச்சத்தை விடுவதற்குப் பினாங்கைவிடப் பொருத்தமான ஊர் இல்லை.

1969-இல் தொடங்கிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கம், விற்கும் பொருளைக் கேள்வி கேட்கும் உரிமை சாதாரண மனிதனுக்கு உண்டு என்பதை வீடு வீடாகக் கொண்டுசென்றது. அதைப் பல்லாண்டு காலம் தலைமையேற்று நடத்தி 2019-இல் காலமான எஸ்.எம். முகமது இட்ரிஸ், தமிழ்நாட்டிலிருந்து சிறு வயதில் இங்கு வந்தவர். பினாங்கைச் சேர்ந்த அன்வார் ஃபசால் 1978 முதல் 1984 வரை அனைத்துலகப் பயனீட்டாளர் அமைப்பின் தலைவராக இருந்தார். மார்ச் 15-ஐ உலகப் பயனீட்டாளர் உரிமை நாளாகக் கொண்டாடலாம் என்ற யோசனை அவருடையது. 1983-இல் அது முதன்முதலாகக் கடைப்பிடிக்கப்பட்டது. ஜார்ஜ்டவுன் தெருவில் நின்று "இது புற ஊதாவைத் தடுக்குமா? காட்டுங்கள்" என்று கேட்கும் மாணவர் ஒன்றும் புதிதாகச் செய்யவில்லை. இந்த ஊர் உலகத்துக்குச் சொன்னதைத்தான் செய்கிறார்.

இந்த நாட்டில் 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் இயங்கும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளிக் கட்டணத்தில் வழக்கறிஞர் இல்லாமலே மனு கொடுக்கலாம். பதினைந்து வெள்ளிக் கண்ணாடிக்காக யாரும் அங்கே போகப் போவதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால், அப்படி ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்தவர் கடையில் பேசும் குரலே வேறாக இருக்கும்.

தனி மனிதர் கேள்வி கேட்பது மட்டும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆஸ்திரேலியா 1971-லேயே கறுப்புக் கண்ணாடிக்குத் தேசியத் தரம் வகுத்த முதல் நாடு. இன்று அங்கே அந்தத் தரத்துக்கு உட்படாத கண்ணாடியை விற்க முடியாது. லென்ஸின் வகை வாங்குபவருக்குத் தெரிய வேண்டும். விலை எதுவானாலும் விதி ஒன்று. ஆண்டு முழுவதும் வெயில் அடிக்கும் நம் வட்டாரத்திலும் சந்தைத் தட்டில் கிடக்கும் ஒவ்வொரு கண்ணாடியிலும் அந்த எண் இருக்க வேண்டும் என்று மாணவர் அமைப்புகளும் பயனீட்டாளர் கழகங்களும் கேட்க வேண்டும். பரிசோதிக்கும் பொறுப்பை நாணய மாற்றுக் கடைக்காரப் பாயின் தலையில் சுமத்துவது நியாயமல்ல!

பகட்டு என்ற பேச்சை விடுவோம்

கடைசியாக, தொடக்கத்தில் சொன்ன கேலிக்கு வருகிறேன். எம்.ஜி.ஆரையும் கலைஞரையும் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியாத சமூகம் நாம். திரையில் நாயகன் கண்ணாடியைச் சுழற்றிப் போட்டால் விசில் அடிக்கிறோம். அதையே மகன் போட்டால் "படிக்கிற பிள்ளைக்கு எதற்கு இந்த அலட்டல்?" என்கிறோம். மகள் போட்டால் சொல்லவே வேண்டாம். இந்தப் பேச்சுக்குப் பயந்தே பையில் கண்ணாடி இருந்தும் வெளியே எடுக்காத தோழிகளை எனக்குத் தெரியும்.

உணவு விநியோகிக்கும் வேலையைப் பகுதி நேரமாகச் செய்யும் மாணவர்கள் பலர் இருக்கிறார்கள். உச்சி வெயிலில் தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடுகிறார்கள். சாலையோரக் கடை நடத்தும் அம்மா, கட்டுமானத்தில் நிற்கும் அப்பா, படகில் போகும் மாமா என்று நம் வீடுகளிலேயே வெயிலில் உழைப்பவர்கள் உண்டு. கறுப்புக் கண்ணாடி மிகவும் தேவைப்படுபவர்கள் இவர்கள். "அது நமக்கானது இல்லை" என்று ஒதுங்குபவர்களும் இவர்களே. பொருளைப் பகட்டு என்று முத்திரை குத்தினால் முதலில் இழப்பவர் உழைப்பவர்தான்.

அதற்காக நாள் முழுவதும் போட்டுக்கொண்டு திரியச் சொல்லவில்லை. வகுப்பறையிலும் இரவிலும் அதற்கு வேலையில்லை. வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குள் முடங்கவும் வேண்டாம். பகல் வெளிச்சத்தில் நேரம் செலவிடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்புக் குறைகிறது என்று கண் மருத்துவ ஆய்வுகள் சொல்கின்றன. வெளியே போக வேண்டும். காப்போடு போக வேண்டும்.

பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். திடல் பயிற்சியின்போதும் பள்ளி விட்டு வீடு திரும்பும்போதும் தொப்பியும் கண்ணாடியும் அணிவதை ஒழுங்கு மீறலாகப் பார்க்காதீர்கள். ஆசிரியர் ஒருவர் முதலில் அணிந்து வந்தால் மாணவர்களின் கூச்சம் பாதி போய்விடும்.

மாணவ நண்பர்களே, அடுத்த முறை கண்ணாடிக் கடைக்குப் போகும்போது "எந்தப் பிராண்ட்?" என்பதைக் கடைசிக் கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். புற ஊதாவைத் தடுக்கிறதா, கோடு நெளியாமல் தெரிகிறதா, ரசீது தருவீர்களா என்ற மூன்றையும் முதலில் கேளுங்கள். மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால், விலை முப்பது வெள்ளியாக இருந்தாலும் நீங்கள் வாங்கியது நல்ல கண்ணாடிதான். வீட்டுக்கு இன்னும் ஒன்று வாங்கிப் போங்கள். வெயிலில் நிற்கும் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ கொடுங்கள். "எனக்கெதற்கு இந்த ஸ்டைல்?" என்று கேட்பார்கள். குடைக்கும் தலைக்கவசத்துக்கும் என்ன பதில் சொல்வீர்களோ, அதையே சொல்லுங்கள்.